என் நாக்கு செத்துப்போன வருஷம்

1

போன வாரம் சுரண்டையிலிருந்து வந்துபோனவர்கள் என்னிடம் நேரில் கேட்கவில்லை. என் மகள் சுப்புவை அடுக்களைக்குள் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டிருக்கிறார்கள். "உங்கம்மைக்கு மலையாளத்துக்காரன் செய்வினை வச்சு நாக்கைக் கட்டிட்டான்னு ஊருல பேச்சாக் கெடக்கே, நெசமா?"

அவர்கள் வந்தது என் வீட்டுக்காரருடைய திதிக்கு. இலை போட்டுச் சாப்பிட்டார்கள். பாயசம் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி. நாக்குக் கட்டுப்பட்டவள் வைத்த பாயசத்தை யாராவது இரண்டு தடவை கேட்பார்களா? அந்த யோசனை அவர்களுக்கு ஓடவில்லை.

போகும்போது, ஊர்ச் சங்க மலருக்கு வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். நல்லதாகப் போயிற்று. கேட்டவர்களுக்கு மட்டும் சொல்வதைவிட ஊருக்கே சொல்லிவிடலாம். எனக்கு எழுத்து நிதானமாகத்தான் வரும். அவசரக்காரர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொள்ளலாம்.

என் நாக்கு செத்துப்போனது நிஜம். ஆனால் அதை யாரும் கட்டவில்லை.

2

இங்கே மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டிலிருந்து படகுத்துறைக்கு இறங்குகிற ஒரு சந்தில் எங்கள் மெஸ் இருக்கிறது. முன்பக்கம் பெஞ்சும் மேஜையும், பின்பக்கம் குடித்தனம். சந்தின் இரண்டு பக்கமும் சரக்கு அடுக்குகிற கிட்டங்கிகள். மிளகு, சுக்கு, மஞ்சள் மூட்டைகள் கைவண்டியில் போய்க்கொண்டே இருக்கும். எதிர்க்கரையில் வெலிங்டன் தீவில் கப்பல் ஊதினால் எங்கள் அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

இப்போதெல்லாம் காலையில் கதவைத் திறப்பவள் சுப்புதான். ரேடியோவில் மலையாளச் செய்தி ஓடும். அவள் கைக்குழந்தையாக இங்கே வந்தவள். படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக் கூட்டி, கல்லும் முள்ளும் மிதித்து நடக்கிற மாதிரி படிப்பாள். மலையாள வாரப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் வண்டி ஓடுகிற மாதிரி ஓடுவாள். நான் எழுதுகிற இதைக்கூட அவளால் முழுதாகப் படிக்க முடியாது. அதை நினைத்தால் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் வந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு சுக்குக் கிட்டங்கியில் எடை போடுகிற வேலையில் இருந்தார். மூட்டை தூக்க வந்த நம் பக்கத்து ஆட்கள், தேங்காய் எண்ணெய்ச் சமையல் இறங்காமல் பாதிச் சோற்றில் எழுந்துபோவதை அவர் பார்த்திருக்கிறார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "ஏளா, நீ இன்னும் நாலு பேருக்குச் சேத்து ஒலை வச்சா என்ன?" என்றார். அப்படித் தொடங்கியதுதான். சைவச் சாப்பாடு. அன்றன்றைக்கு வறுத்து இடித்த பொடியில் இடிசாம்பார், நல்லெண்ணெய்த் தாளிப்பு, புளி சற்றுத் தூக்கல். இந்தச் சந்துக்குள் தாமிரபரணித் தண்ணீர் ஓடவில்லையே தவிர, மற்றதெல்லாம் நம் ஊர் ருசி என்று பெயர் வாங்கினேன். இதை நான் சொல்லவில்லை, சாப்பிட்டவர்கள் சொன்னது.

சுப்பு வளர்ந்து பெரியவளான பிறகு, ஒரு மத்தியானம் கிட்டங்கியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்து வெகு நேரம் யாரும் எழுப்பவில்லையாம். கைவண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

காடாற்றின மறுநாள் நான் அடுப்பை மூட்டினேன். ஊரிலிருந்து வந்திருந்த சொந்தங்கள் வாயில் கை வைத்தார்கள். "பதினாறுகூட கழியல. இவ என்ன கல்லுல செஞ்சவளா?" என்று என் நாத்தனார் என் காதுபடச் சொன்னாள். எனக்கு அது பெருமையாகவே இருந்தது. மெஸ்ஸை மூடினால் ஆட்கள் வேறு கடைக்குப் போவார்கள். போனவர்கள் அங்கேயே பழகிவிடுவார்கள். ஆகவே நின்றேன். அந்த வருஷம் முழுக்க நின்றேன். அழவில்லை. அழ உட்கார்ந்தால் அடுப்பு அணைந்துவிடும் என்று இருந்தது.

3

ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று கடைக்காரன் சொல்லிக்கொண்டே இருந்தான். நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். வருஷ திதி நெருங்குகிற சமயத்தில், இனி நீக்காவிட்டால் கார்டையே நிறுத்திவைப்பார்கள் என்று பயம் காட்டினான். சுப்புவைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

ஒரு ஜன்னலில் இன்னொரு ஜன்னலைக் காட்டினார்கள். அங்கே மூன்றாவது ஜன்னலைக் காட்டினார்கள். கடைசியில் இருந்த கிளார்க் வயதானவர், நல்ல மாதிரி. சர்ட்டிபிகேட்டையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பேரு பறயூ."

என் வீட்டுக்காரர் பெயர் முருகன் பெயர்களில் ஒன்று. நான் சொல்வதில்லை. சுப்பு சொன்னாள்.

"ஆளு மரிச்சோ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அதான் சீட்டுல எழுதியிருக்கே."

"சீட்டு அல்லா. சேச்சி பறயணும். மரிச்சோ?"

"மரிச்சு," என்றேன்.

அவர் சிவப்பு மசியில் ஒரு கோடு இழுத்தார். ஸ்கேல் வைத்து, நேராக. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து படகுக்கு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் நான் "அவுக போன பெறகு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். செத்துப்போனார் என்று என் வாய் முதல் தடவையாகச் சொன்னது அன்றைக்குத்தான். அதுவும் எனக்குச் சொந்தமில்லாத பாஷையில், ஒரு ஜன்னல் கம்பிக்கு முன்னால் நின்றுகொண்டு. படகு வந்தது, ஏறினேன். ராத்திரிக்குச் சமைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் முதல் பந்தியில் சங்கரபாண்டி வாயில் வைத்ததை அப்படியே இலையில் துப்பினான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையனாக வந்து, இங்கேயே மூட்டை தூக்கி நரைத்தவன் அவன். என் மெஸ்ஸில் சாப்பாட்டைத் துப்பிய முதல் ஆள்.

"ஆச்சி! கடல் தண்ணிய மோந்து ஊத்திட்டியளா?"

எனக்குச் சுருக்கென்றது. "காலங்காத்தால கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்தா எல்லாம் அப்படித்தாம்டே இருக்கும்."

"சாமி சத்தியமா இல்ல ஆச்சி. நீங்களே பாருங்க."

பக்கத்து இலைக்காரனும் கையை எடுத்துவிட்டான். நான் சாம்பாரைக் கரண்டியில் மொண்டு, உள்ளங்கையில் விட்டு நக்கினேன். சூடு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை நக்கினேன். உள்ளே போய் உப்புச் சாடியில் கைவிட்டு ஒரு கல்லை வாயில் போட்டேன். அது பல்லில் கரகரவென்று அரைபட்டது. தெருவில் கிடக்கிற கல்லை எடுத்துப் போட்டாலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அடுத்து மிளகாய்த் தூள், புளி, வெல்லம். எல்லாவற்றையும் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, கையெல்லாம் பிசுபிசுக்க அடுப்பங்கரையில் நின்றேன். முன்பக்கம் ஆட்கள் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

4

நாக்கோடு மணமும் போயிருந்தது. இந்த ஊருக்கு வந்து இறங்குகிற யாருக்கும் முதலில் மூக்குக்குள் ஏறுவது சுக்கு நெடிதான். அன்றைக்குச் சந்தில் இறங்கி நடந்தேன். மூட்டைகள் போகின்றன, புழுதி பறக்கிறது, தும்மல்கூட வரவில்லை. ஊரைக் கழுவிக் காயப்போட்டுவிட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் பயந்த நாட்கள் குறைவு.

சமையல்காரிக்கு நாக்கு இல்லை என்றால் என்ன மிச்சம்? கை இருக்கிறதே என்பார்கள். கை வெறும் வேலைக்காரி. நாக்கு போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் மெஸ் போய்விடும். மெஸ் போய்விட்டால், ஊருக்குத் திரும்பி நாத்தனார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அதற்குக் கடலில் இறங்கலாம்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் கரண்டி பிடிப்பேன், சுப்பு ருசி பார்ப்பாள்; பொடியும் தாளிப்பும் அவள் பொறுப்பு. அவள் தலை ஆட்டினால் இறக்குவேன். உதட்டைப் பிதுக்கினால், "என்ன? உப்பா, புளியா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். நான் பெற்று, நான் பால் கொடுத்து, நான் உப்பென்றால் என்னவென்று காட்டிக்கொடுத்த பிள்ளை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு என் அடுப்பங்கரையில் நான் நின்றேன்.

அந்த நாட்களில்தான் கிட்டங்கித் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தூக்கின மூட்டையை நடுச்சந்தில் வைத்துவிட்டுக் கொடியோடு உட்கார்ந்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து சுப்பு சொன்னாள்:

"அம்மாட நாக்கும் சமரத்துல இருக்கு. டிமாண்ட் எந்தான்னு கேட்டு வை."

"வாயில போடுவேன்."

"போட்டாலும் எனக்கு ருசி தெரியும். உனக்குத்தான் தெரியாது."

அடிக்கக் கை ஓங்கினேன். அதற்குள் அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

சங்கரபாண்டிக்கு மட்டும் எப்படியோ விஷயம் கசிந்துவிட்டது. "ஆச்சி, ஆலுவாப் பக்கம் ஒரு மந்திரவாதி இருக்கானாம். கண்ணேறு, செய்வினை எல்லாம் எடுப்பானாம்," என்றான். "ஒனக்கு வேணும்னா போடே, மூளை இருக்கான்னு பாத்துச் சொல்லுவான்," என்றேன். செய்வினைப் பேச்சு ஊருக்கு வந்து சேர்ந்தது அவன் வழியாகத்தான் இருக்கும்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்ன வயசு. டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், நாக்கில் எதையோ தொட்டு வைத்துக் கேட்டார். பிறகு, "நாவினு ஒரு குழப்பமும் இல்லா. மூக்கினும் இல்லா," என்றார். நான் திகைத்துப்போனேன். நோய் இருக்கிறது என்று சொன்னால்கூட இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

"மனசில் எந்தெங்கிலும் விஷமமுண்டோ?"

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "விஷமமா? நானா? நான் யாருக்கு என்ன விஷமம் பண்ணினேன்?" என்று சத்தம் போட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுப்பு என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இவங்க விஷமம்னா துக்கம்னு அர்த்தம்," என்றாள். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அந்த வார்த்தை என்னிடம் வந்து சேரவில்லை. யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. நேற்று மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்டார். சொன்னேன்: சோறு, இடிசாம்பார், வெண்டைக்காய்ப் பச்சடி, ரசம், அப்பளம்.

"அது சேச்சி விளம்பியது. சேச்சி தின்னது என்ன?"

நாட்களை எண்ணிப் பார்த்தேன். நேற்று உட்கார்ந்து தின்றதில்லை, அதற்கு முந்தின நாளும் இல்லை. உள்ளங்கையில் விட்டு நக்கியது ஞாபகம் இருக்கிறது. பாத்திரம் ஒழிக்கும்போது அடியில் ஒட்டினதை வழித்துப் போட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

"அம்மா இருந்து சாப்பிட்டு நான் கண்டதே இல்ல டாக்டரே, அச்சன் போனதுக்குப் பின்ன," என்றாள் சுப்பு.

அப்பா என்று சொல்லாமல் அச்சன் என்கிறாளே என்று நினைத்தேன். பிறகுதான் அவள் சொன்னது உள்ளே இறங்கியது. ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவள் ஒரு வருஷமாகச் சாப்பிடவில்லை. அதைக் கவனிக்க அவளுக்கே நேரம் இல்லை. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதிலும் ருசி இல்லை.

5

எங்கள் பின்வாசலும் ஹீராபென் வீட்டுப் பின்வாசலும் ஒரே முற்றத்தில் திறக்கின்றன. முற்றத்தின் நடுவில் பொதுவாக ஒரு பைப்பு. ஹீராபென் குஜராத்திக்காரர், ஜைனர். அந்தக் குடும்பம் தலைமுறையாக இங்கே சுக்கு வியாபாரம். மண்ணுக்கு அடியில் விளைகிற எதையும் சாப்பிட மாட்டார்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு, பச்சை இஞ்சி எதுவும் கிடையாது. கிட்டங்கியிலோ கூரை வரை சுக்கு அடுக்கியிருக்கும். எனக்கு மூத்தவர். கணவர் போய் வெகு காலம். எங்களுக்குள் பேச்சு மலையாளம்தான். அவருக்கும் அது சொந்தமில்லை, எனக்கும் இல்லை. அதனால் இருவரும் பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் பேசுவோம்.

இப்படிச் சில மாதங்கள் போன பிறகு, ஒரு நாள் காலை அவருடைய பித்தளைக் குடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மருமகள் கோயிலுக்குப் போயிருந்தாள். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளைக் கம்பளித் துண்டின்மேல் ஹீராபென் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. கையில் மடித்த ஒரு வெள்ளைத் துணி. முன்னால் மணல் இறங்குகிற கண்ணாடிச் சிமிழ்.

"பென்," என்று கூப்பிட்டேன். அசைவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். இமைகூட ஆடவில்லை.

உட்கார்ந்தபடியே போனவர்களை எனக்குத் தெரியும். தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். நான் யோசிக்கவில்லை. பைப்புக்கு ஓடினேன், குடத்தில் பிடித்தேன், ஓடி வந்து அந்த முகத்தில் அப்படியே வீசினேன். "ஐயோ, எந்திரிங்க! எந்திரிங்க!" என்று என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல் மாதிரியே இல்லை.

ஹீராபென் கண்ணைத் திறந்தார். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், தன் நனைந்த சேலையைப் பார்த்தார்.

"எந்தா ஆச்சி, என்னைக் குளிப்பிச்சோ?"

அவர் நிதானமாக விளக்கினார். மணல் இறங்கி முடிகிறவரை எந்த உயிருக்கும் தீங்கு நினைக்காமல், செய்யாமல் சும்மா இருப்பது அவர்களுடைய விரதம். தினமும் உண்டு. பச்சைத் தண்ணீரில்கூட உயிர் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அதனால் அந்த நேரத்தில் தண்ணீரைத் தொடக்கூடாது. நான் ஒரு குடம் உயிரை அவர் தலையில் கொட்டியிருக்கிறேன்.

"இனி ஆத்யம் முதல் இரிக்கணும்," என்று சொல்லிவிட்டு, சேலை மாற்றி வந்து சிமிழைக் கவிழ்த்து வைத்து மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் போயிருக்க வேண்டும். அடுப்பில் பருப்பு இருந்தது. ஆனால் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. மணல் மிக மெதுவாக இறங்கியது. தோள் இரண்டும் காது வரை ஏறி நிற்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். மூட்டை தூக்குகிறவன் மாதிரி. தலையில் மூட்டையைக் காணோம். எத்தனை நாளாக இப்படி நிற்கிறேன் என்று தெரியவில்லை. மெல்ல இறக்கிவிட்டேன். சற்று நேரத்தில் அது தானாக மறுபடியும் ஏறிக்கொண்டது. என் உடம்பு என்னைக் கேட்காமல் ஏதோ செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தபோது, நடுவீட்டில் அன்னிய ஆளைப் பார்த்த மாதிரி திடுக்கென்றது.

மணல் முடிந்து அவர் கண் திறந்ததும் கேட்டேன். "இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யில்ல."

"ஒண்ணும் செய்யாம இருக்கவா இத்தனை நேரம்?"

"நாப்பது வர்ஷமாயிட்டு நோக்குந்து, ஆச்சி. இன்னும் வரில்ல. இன்னைக்கும் பகுதி நேரம் மனசில் மிளகு விலைதான்." தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "பின்ன, நீ வந்து குளிப்பிச்சு."

அவர் சிரித்ததில் என் பிடிவாதம் கொஞ்சம் தளர்ந்தது. நாக்கு போன கதையைச் சொன்னேன். அவர் உச்சுக் கொட்டவில்லை. சட்டென்று கண் மின்னியது.

"நாளை முதல் எங்களுக்கு ஆயம்பில். ஒன்பது நாள். ஒரு நேரம் ஆகாரம். உப்பில்லை, முளகில்லை, எண்ணெயில்லை, பாலில்லை, சர்க்கரையில்லை. எல்லாரும் கஷ்டப்பட்டுத் தின்னும். நாக்கில்லாதவளுக்கு எந்தா நஷ்டம்? நீ வா."

என்ன ஒரு விருந்தழைப்பு. எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் குளித்துவிட்டுப் போனேன்.

6

மாமியாரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, மருமகள் பரிமாறினாள். வெறும் சோறு, வேகவைத்த பயறு, உப்பில்லாத ரொட்டி, கொதித்து ஆறின தண்ணீர். விதி என்னவென்றால், உட்கார்ந்தால் முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. தட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி அந்தத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். நம் ஊரில் அது மாட்டுத் தொட்டிக்குப் போகிற தண்ணீர். என் முகம் போன போக்கைப் பார்த்து மருமகள் முந்தானைக்குள் சிரித்தாள். சாப்பிடும்போது பேச்சும் கிடையாது.

முதல் நாள் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. பக்கத்துத் தட்டில் சோறு குறைந்தால் என் கை கரண்டியைத் தேடிப் போகிறது. சந்தில் வண்டிச் சத்தம் கேட்டால் கால் எழப் பார்க்கிறது. வாயில் போட்டது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நான் மெல்லுவதே இல்லை, அப்படியே உள்ளே தள்ளுகிறேன் என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஐம்பது வயதுக்கு மேல் ஆன ஒரு பெண்ணுக்குச் சாப்பிடத் தெரியவில்லை. கரண்டியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு ஊரை அதிகாரம் செய்தவளுக்கு.

அவரோடு கண்ணை மூடி உட்கார்ந்தும் பார்த்தேன். குறட்டை விட்டேனாம். "நின்றெ தபஸ் உறக்கமாணு," என்று ஹீராபென் கேலி செய்தார். அது எனக்குச் சரிவரவில்லை. தட்டுக்கு முன்னால் உட்காருவதுதான் வந்தது.

பாதி நாட்கள் கழிந்திருக்கும். பயறும் சோறும் சேர்த்து ஒரு வாய் மென்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு மெஸ் ஞாபகம் வரவில்லை, வண்டிச் சத்தம் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் ஞாபகமும் வரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நினைத்து அழுதேன் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. நான் எதையும் நினைக்கவில்லை. அடிவயிறு முதலில் ஆடியது. பிறகு நெஞ்சு. பிறகு தோள், இத்தனை நாள் இறங்காமல் நின்ற அந்தத் தோள், இற்று விழுந்த மாதிரி கீழே இறங்கியது. வாயில் சோற்றோடு நான் விம்மிக்கொண்டிருந்தேன். நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. எழுந்து ஓடலாம் என்றால் எழக்கூடாது என்ற விதி. பேசிச் சமாளிக்கலாம் என்றால் பேசக்கூடாது. ஒரு வருஷத்துக்கு மேலாக நான் ஓடித் தப்பித்துக்கொண்டிருந்த இரண்டு வாசலும் அன்றைக்கு அடைத்திருந்தது.

ஹீராபென் என்னைத் தொடவில்லை. தன் ரொட்டியைப் பிட்டு மென்றுகொண்டே இருந்தார். நான் விம்மி முடித்து, மூக்கைத் துடைத்து, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடிக்கிறவரை தானும் எழாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்த பிறகு, "நாளை சோறு கொஞ்சம் குழைவா வைக்கச் சொல்லட்டா?" என்று மட்டும் கேட்டார்.

மனசு எங்கே என்று கேட்டால் நாம் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவோம். எனக்கு அது வயிற்றிலும் தோளிலும் நாக்கிலும் பங்கு போட்டுக் குடியிருந்திருக்கிறது. நான் அழ மறுத்தேன். சரி, நானும் உனக்குச் சுவை சொல்ல மறுக்கிறேன் என்று நாக்கு உட்கார்ந்துவிட்டது. இப்படித்தான் எனக்குப் படுகிறது. டாக்டர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

அதற்கடுத்த நாட்களில் ஒரு நாள், வெறும் சோற்றை மெதுவாக மென்றேன். இனித்தது. நான் பயந்துபோய் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். மறுபடியும் மென்றேன். லேசாக, தூரத்தில், ஆனால் இனிப்புத்தான். சர்க்கரை போடாத, உப்புப் போடாத சோற்றில் இனிப்பு இருக்கிறது. வாழ்நாளெல்லாம் சோறு வடித்த எனக்கு அது தெரியாது. சாம்பார் ஊற்றாமல் நான் சோற்றைத் தனியாகத் தின்றதே இல்லை.

முற்றத்தைத் தாண்டும்போது சுக்கு நெடி மூக்கில் அறைந்தது. பைப்பைப் பிடித்துக்கொண்டு தும்மினேன், கண்ணில் நீர் வரத் தும்மினேன்.

7

ஓடிப்போய்ச் சுப்புவிடம் சொல்லவேண்டும் என்றுதான் வந்தேன். வாசலில் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். முதலில் என் அடுப்பு என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது.

மத்தியானப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஆயம்பில் நாட்களில் சமையலை முழுக்கச் சுப்புவிடம்தான் விட்டிருந்தேன். நான் நேரே போய், ஆட்கள் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். விரதம் அத்தோடு முறிகிறது என்று தெரியும். ஹீராபென்னிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

"எனக்கும் ஒரு இலை போடு," என்றேன்.

சுப்பு கரண்டியோடு நின்றுவிட்டாள். இலை போட்டாள், சோறு வைத்தாள், சாம்பார் ஊற்றினாள். பிசைந்து வாயில் வைத்தேன்.

தேங்காய் எண்ணெய்!

தூக்கிவாரிப்போட்டது. நல்லெண்ணெய் இல்லை. புளி பாதிதான். பின்னால் எங்கோ வெல்லம், ஒரு கிள்ளு. இடிசாம்பார் பொடியில் வறுத்த தேங்காய் சேர்ந்திருக்கிறது. இது என் சாம்பார் இல்லை. சுரண்டையில் எந்த வீட்டிலும் இப்படி ஒரு சாம்பார் கிடையாது. நான் நாக்கில்லாமல் கிண்டிக்கொண்டிருந்த மாதங்களில், என் கரண்டியாலேயே, என் கண் முன்னாலேயே, இவள் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கிறாள். அவளுக்கு நாக்கு வளர்ந்த ஊர் இது. உப்பு சரியா என்று கேட்டால், அவள் தன் நாக்கைத்தானே கேட்டிருப்பாள்?

நிமிர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் இறங்காது என்று என்னிடம் வந்தவர்கள் இவர்கள். யாரும் துப்பவில்லை. வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதிரே இருந்த சங்கரபாண்டி விரலை நக்கிக்கொண்டே, "ஆச்சி, நடுவுல ஒரு எடத்துல சறுக்குனாலும், ஒங்க கைப்பக்குவம் திரும்பி வந்துட்டுல்லா! அப்படியே நம்ம ஊருச் சாம்பாரு," என்றான்.

சுப்புவுக்கு முகம் வெளிறியது. என் நாக்கு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவன் சொல்வது தப்பு என்று தெரியும். ஆமாம்டே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக் காலையில் நல்லெண்ணெய் டின்னைத் திறந்து, கரண்டியைக் கையில் வாங்கி, மறுபடியும் நிற்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை.

இன்னொரு வாய் வைத்தேன். இந்தத் தடவை உள்ளே தள்ளவில்லை. மென்றேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு மென்றால், வறுத்த தேங்காய் வாசனை மெல்ல மேலே வந்தது. வெல்லம் புளியை அதட்டாமல் அணைத்துப் போனது. நன்றாக இருந்தது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

"இது எங் கை இல்லடே," என்றேன். "இவ கை. கொஞ்ச நாளாவே இவ கைதான். தேங்காயெண்ண ஊத்தித் தாளிச்சிருக்கா."

சுப்பு கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டாள். "அம்மா... உனக்கு..." என்றாள்.

"வெல்லத்தைக் கொறச்சுப் போடு. இப்ப இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

சங்கரபாண்டி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனால் சும்மா இருக்க முடியாது.

"அப்பம் இனி ஆச்சிக்கு இங்கன என்ன சோலி?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேம்லா," என்றேன். "முடியட்டும், சொல்லுதேன்."